ராகி உருண்டையும் காட்டுச்சேவல் இறகும்

திருப்பதி பஸ்கள் எங்கள் ஊரில் நிற்பது டீக்காகத்தான். மொட்டை போடப் போகிறவர்களுக்கும் போட்டுத் திரும்புகிறவர்களுக்கும் கனகம்மாசத்திரம் என்றால் ஒரு கிளாஸ் டீ, இரண்டு போண்டா, கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதற்குமேல் யாரும் ஊரைப் பார்த்ததில்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி, சித்தூர் ஜில்லாவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்கு வந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கடைத்தெருவுக்கு அந்தச் சேதி முழுசாக வந்து சேரவில்லை. பாதிப் பேர் தெலுங்கில் கடன் கேட்பார்கள்; அப்பா தமிழில் இல்லை என்பார்.

அந்த டீக்கடை வாசலில் எண்பதுகளில் வருஷத்துக்கு ஓரிரு முறை ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நிற்கும். மேலே கேரியரில் கான்வாஸ் உறை போட்ட நீளமான குழாய்கள். ஓட்டி வருவது என் சித்தப்பா. பின்சீட்டில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் பெரிய அதிகாரி. பெயர் வேண்டாம், எங்கள் வீட்டில் அவர் 'ஐயா' மட்டும்தான். பெங்களூர் போக ராணிப்பேட்டை வழி இருக்கும்போது சித்தூர் வழியாகச் சுற்றி வருவார். காரணம் திருத்தணி. மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் காவிரிக்குப் போவார், மீன் பிடிக்க. மீன் அகப்பட வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அகப்பட்டதைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார் என்று சித்தப்பா சொன்னபோது அப்பா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "அதுக்கா இவ்ளோ பெட்ரோலு?" என்று கேட்டார்.

குழாய்களுக்குள் இருந்தவை தூண்டில் கழிகள். எங்களுக்குத் தெரிந்த தூண்டில், மூங்கில் கழியும் நைலான் நரம்பும் மயிலிறகுத் தண்டில் வெட்டிய தக்கையும் மண்புழுவும்தான். ஐயாவின் சாமான்கள் வேறு ஜாதி. ஸ்வீடனில் செய்த 'ஆபு அம்பாஸடர்' ரீல் வைத்திருந்தார். அம்பாசிடர் காரில் அம்பாஸடர் ரீல் என்று சித்தப்பா ஒவ்வொரு முறையும் அதே ஜோக்கைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பார். என் கண் போனது அதன்மேல் இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அலுமினியப் பெட்டி. திறந்தால் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு பூச்சி.

உயிர்ப் பூச்சி இல்லை. அரிசி மணி அளவு முள்ளின்மேல் பட்டு நூல் சுற்றி, சேவல் இறகைக் கால்களாகப் பிரித்துக் கட்டிய பூச்சிகள். சில பெரியவை, பட்டுப்புடவைக் கரை நிறங்களில். அந்தப் பெரியவற்றின் கன்னத்தில் ஒட்டியிருந்த இறகை விரலால் காட்டி, "இது உங்க மலைச் சேவல்" என்றார் ஐயா. சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. நுனியில் மெழுகு சொட்டி உறைந்த மாதிரி ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி. நூறு வருஷத்துக்கு மேலாக ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் பிடிக்கிற துரைமார்களுக்கு இந்த இறகில்லாமல் தூண்டில் கட்டத் தெரியாது. தென்னிந்தியக் காட்டுச்சேவலின் கழுத்துத்தோல் கட்டுக்கட்டாகக் கப்பலேறிப் போனது. பிறகு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எங்கள் பக்கத்து மலையில் கொக்கரிக்கிற ஒரு பறவை ஏதோ ஓர் ஊர் ஆற்றில் மீனை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்பதை அன்றைக்கு நம்ப முடியவில்லை.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பூச்சித் தூண்டிலில் பூச்சிக்குக் கனமே கிடையாது. நூல்தான் தடிமன், நூல்தான் கனம். கழியை முன்னும் பின்னும் வீசி, நூலைக் காற்றில் வளைத்து, கடைசியில் பூச்சி தண்ணீரில் தன்னால் விழுந்தது போல இறங்க வேண்டும். ஐயா இதைக் கற்றது நீலகிரியில். அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து ஓடைகளில் டிரவுட் பிடிக்கத்தான் அந்தப் பெட்டி. டிரவுட் நம் நாட்டு மீன் கிடையாது. ஊட்டிக் குளிரில் உட்கார்ந்து சொந்த ஊர் ஓடையை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர்கள் 1860-களிலேயே அதைக் கொண்டுவரப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. எச்.சி. வில்சன் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகுதான் வானவில் டிரவுட் அந்தத் தண்ணீரில் வேர் பிடித்தது. ஏக்கத்துக்காக ஒரு மீனையே கடல் தாண்டி அழைத்து வந்திருக்கிறார்கள். என்னைப் போன்றவன் ஓர் ஆற்றை நினைத்து நாலு பக்கம் எழுதுவதில் என்ன தப்பு.

எங்கள் ஊருக்கு ஆறு என்றால் கொசஸ்தலை. காவேரிப்பாக்கத்து ஏரித் தண்ணீரை வாங்கிக்கொண்டு கேசவரம் அணைக்கட்டைத் தாண்டி, திருவாலங்காட்டுப் பக்கமாக வந்து பூண்டியில் நிறைந்து, கடைசியில் எண்ணூரில் கடலைச் சேர்கிற ஆறு. பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடித்தது 1944-ல். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது அஸ்திவாரம் போட்டது என்பதால் அவர் பெயர். ஐப்பசியில் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் பூண்டித் தேக்கத்திலிருந்து மீன் மேலே ஏறும். செம்மண் கலங்கலில் கெண்டை முதுகு தெரிய எதிர்த்து நீந்தும். ஊரே கோணி, வேட்டி, கொசுவலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகும். அது மீன்பிடியே இல்லை, கொள்ளை. மீன்பிடி என்றால் அது இருளர் தாத்தா செய்தது.

இருளர் தாத்தாவுக்கு ஏரிக்கரை ஓரத்தில் ஒரு குடிசை. எலி பிடிப்பார், தேன் எடுப்பார், கேட்டால் பச்சிலை தருவார். வாய்க்காலில் ஊத்தா போடுவார். அடியில்லாத அந்தக் கூடையைக் கலங்கல் தண்ணீரில் கவிழ்த்து, மேல் வாய்க்குள் கைவிட்டு விராலை எடுப்பார். தெலுங்குக்காரர்கள் அதைக் கொர்ரமீனு என்று வாங்கிப் போவார்கள். ஊரில் சின்னப் பையன்கள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டார்கள். என் அப்பாவும்தான். தாத்தா என்று நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு. அவருக்குத் தனி கிளாஸ் டீக்கடைக்குப் பின்னால் புளியமரத்தில் தொங்கியது.

அந்த ஆளை ஐயா கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்த கதை. ஒரு தடவை கார் ரிப்பேராகி ஒரு சாயங்காலம் முழுக்க ஊரில் நின்றுவிட்டது. மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரிக்கரைப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. தாத்தாவும் அவர் வீட்டுப் பெண்களும் விளக்கை வைத்து, குழி வெட்டி ஈசல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; வறுத்துப் பொரியோடு கலந்து தின்ன. தப்பிய ஈசல்கள் ஏரித் தண்ணீரில் விழுந்தன. விழுந்த இடத்திலெல்லாம் கெண்டை எழும்பி, 'ப்ளிக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். ஐயா அதைப் பார்த்தார். ஓடிப்போய்க் காரிலிருந்து கழியையும் அலுமினியப் பெட்டியையும் எடுத்துவந்தார். பெட்டியில் மங்கிய பழுப்புச் சிறகு வைத்த ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து நூலில் கட்டினார். தாத்தா கிட்டே வந்து அதை முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு உசுரு இல்லியே சாமி."

"மீனுக்குத் தெரியாது."

"ஒரு தபா தெரியாது."

முதல் வீச்சில் ஒரு கெண்டை எடுத்தது. விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் ஐயா முகத்தில் வந்த சந்தோஷம் வேறு கணக்கு. அடுத்த பத்து வீச்சில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஈசலைத் தின்றுகொண்டே இருந்தன, இவருடைய பூச்சியை மட்டும் விட்டுவிட்டன. தாத்தா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "உன் பூச்சி சும்மா கெடக்குது. தண்ணில வுழுந்த ஈசலு சும்மா கெடக்குமா? நடுங்கும் சாமி." கையை நீட்டி நரம்பை இரண்டு விரலால் மெல்லச் சுண்டிக் காட்டினார். அப்படிச் சுண்டியதும் பூச்சிக்குப் பக்கத்தில் வட்டம் விழுந்தது. இருட்டும்வரை பிடித்தார்கள். ஐயா ஒவ்வொன்றையும் முள் கழற்றித் தண்ணீரில் விட, தாத்தா ஒவ்வொரு முறையும் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஐயா அவருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார். மீன் கொடுக்காமல் பணம் வாங்கியது அதுதான் முதல்முறை என்று தாத்தா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயா புத்தகம் படிக்கிறவர். ஏரியில் தூண்டில் போடுவதற்கென்றே ஒருவர் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஹென்றி சல்லிவன் தாமஸ், மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1873-ல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா', 1887-ல் 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா'. கச்சேரி வேலை பார்த்துக்கொண்டே தென்கன்னடத்து மலையாறுகளிலும் நம் பக்கத்து ஏரிகளிலும் தூண்டில் போட்டவர். மஹ்சீர் என்கிற மீன் பலத்தில் சால்மனை மிஞ்சியது என்று லண்டனுக்குச் சொன்னவரும் அவர்தான். அந்த மஹ்சீர்தான் ஐயாவைக் காவிரிக்கு இழுத்தது.

பள்ளி முடிந்து வேலை இல்லாமல் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கோடையில் சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார், சாமான் தூக்க. பெங்களூர் தாண்டி, மளவள்ளி தாண்டி, தார் ரோடு முடிந்து, காட்டு வழியில் கார் தவழ்ந்து, கடைசியில் பீமேஸ்வரி. சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுந்த காவிரி மேகதாட்டுக்குப் போகும் வழியில் பாறைகளுக்கு நடுவே மடுவும் ஓட்டமுமாக உடைந்து போகிற இடம். கொசஸ்தலையில் முழங்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ராத்திரி படுத்தபோது ஆற்றுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பாறைமேல் முதலை வெயில் காய்ந்தது. எதிர்க்கரையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கடித்துத் தின்கிற சத்தம் இந்தக் கரைக்குக் கேட்டது.

பெங்களூர்த் தூண்டில்காரர்கள் 1972-ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு ஆள் போட்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து மூன்று பேர் இந்தியா முழுக்க மஹ்சீரைத் தேடி அலைந்து, காவிரிக்கு வந்துதான் பெரிய மீனைக் கண்டார்கள். அந்தச் செய்தி பரவியதும் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம் நடத்தியது. பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகலி மூன்றும் உலகத் தூண்டில்காரர்களின் வாயில் புழங்கிய பெயர்கள். டிவியில் 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' பார்த்தவர்களுக்கு ஜெரிமி வேடைத் தெரியும்; அவர் இளவயதில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது இந்த மீனுக்காகத்தான். பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்பது முகாம்களில் விதியாகவே இருந்தது. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்த 120 பவுண்டு மஹ்சீர்தான் இன்றுவரை பேசப்படுகிற சாதனை. புலித்தோலும் சிறுத்தைத் தலையும் பாடம் பண்ணிக் கொடுத்த குடும்பம் அது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் கரையோர ஊர்க்காரர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். எங்கள் கடைத்தெருவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சிரமமாக இல்லை. முன்னாளில் இவரே ஆற்றில் வெடி போட்டவர் என்று முகாம் சமையல்காரர் காதில் ஓதினார். கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "வெடி போட்டா ஒரு நாள் மீனு. இப்ப ஒரே மீனு பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்குது" என்றார். ஆற்றைக் காவல் காக்க ஆள் தேடியவர்கள், எந்த மடுவில் எது கிடக்கும் என்று தெரிந்த ஆட்களைத்தான் தேடிப் பிடித்திருந்தார்கள். யாரோ ஒரு புத்திசாலியின் வேலை.

காவிரியில் ஐயாவின் இறகுப் பூச்சிகளுக்கு வேலை இல்லை. ஓரத்து ஓட்டத்தில் சின்ன மீனுக்கு வேண்டுமானால் வீசிப் பார்க்கலாம். பெரிய மீனுக்கு இரை, ராகி. காலையில் சமையல்காரர் கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைக் கொட்டிக் கிண்டிக் களியாக்குவார். பாதி எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. மீதியை வழிகாட்டி வாங்கி, ஒரு பாறைமேல் போட்டு அடித்துப் பிசைந்து, எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுவரை உருட்டி மறுபடி வேகவைப்பார். தோல் ரப்பராக வேண்டும், அப்போதுதான் சின்ன மீன் கொத்திக் கரைக்காது. பெருங்காயம், பூண்டு, சோம்பு என்று ஆளுக்கொரு ரகசியம். கேட்டால் சொல்ல மாட்டார்கள். முள்ளை உருண்டைக்குள் புதைத்து, மெல்லிய ஈயத் தகட்டை நரம்பில் சுற்றி, பாறைச் சந்தில் சிக்கினால் ஈயம் மட்டும் கழன்று போகிற மாதிரி அமைப்பார். பிறகு கழியை ஐயாவிடம் கொடுத்து, "அந்தக் கருப்புப் பாறை தெரியுதா சார்? அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு ஆள் தூரம். அங்க ஆறு சுத்திட்டுத் திரும்புது. அது அங்கதான் படுத்திருக்கும்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். கருப்புப் பாறையே தெரியவில்லை.

மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பேசக்கூடாது, அதுதான் கொடுமை. ஐயா நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்கிறார் என்று பட்டது. வெயில் சாய்கிற நேரத்தில் ரீல் அலறியது. ஐயா எழுந்து நிற்பதற்குள் நூறு கஜம் நரம்பு போய்விட்டது. ஊரில் நாலு பேருக்கு உத்தரவு போடுகிற அந்த மனிதரை வழிகாட்டி அதட்டினார். "விடுங்க சார்! இழுக்காதீங்க, ஓடட்டும்! கழிய மேல தூக்கு, மேல!" மரியாதை போய்விட்டது, இருவருமே கவனிக்கவில்லை. மீன் ஓட்டத்துக்குள் புகுந்து பாறையைச் சுற்றியது. அவர் பரிசலைத் தோளிலிருந்து தண்ணீரில் கவிழ்த்து, ஐயாவை உள்ளே தள்ளி, ஒற்றைத் துடுப்பால் சுழற்றிக்கொண்டே நரம்பின் வழியே போனார். பாறைக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணீருக்குள் கையை விட்டு நரம்பை விடுவித்தார். இருட்டும் நேரத்தில் அரைக் கிலோமீட்டர் கீழே ஒரு மணல் ஓரத்தில் மீன் கரை சேர்ந்தது.

என் இடுப்பு உயரத்துக்கு மேல் நீளம். உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒரு செதில். பொன்னும் வெண்கலமும் கலந்த நிறம். தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பியிருந்தது. துடுப்புகளில் ஆரஞ்சுச் சிவப்பு. வாயில் பல் இல்லை. தொண்டைக்குள்தான் பல், அதால் நத்தையையும் நண்டையும் நொறுக்கும் என்று வழிகாட்டி விரலை உள்ளே விடப் போன என்னைத் தடுத்தார். படம் எடுத்து, அளவெடுத்ததும் அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனின் வயிற்றைக் கையில் தாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றார். செவுள் திறந்து மூடும்வரை காத்திருக்க வேண்டுமாம். வெகு நேரம் நின்றார். ஏதோ பேசிக்கொண்டும் இருந்தார். பிறகு கை காலியாக இருந்தது.

பின்னாளில் மங்கோலியாவில் தைமன் என்கிற மீனுக்கும் கம்சாட்காவில் சால்மனுக்கும் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கி, வழிகாட்டி வைத்து மீன்பிடிக்க விடுகிறார்கள் என்று படித்தேன். ராமகங்கையிலும் மகாகாளியிலும் இமயத்துப் பொன் மஹ்சீருக்குப் பூச்சி வீசுகிறார்கள். எங்கே போனாலும் பணம் கொடுப்பவன் வீசுகிறான், எங்கே வீசுவது என்று இன்னொருவன் சொல்கிறான். படத்தில் மீனைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் முதல் ஆள். இரண்டாவது ஆளின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். ஐயா வீட்டு ஹாலில் மாட்டியிருந்த படத்திலும் அப்படித்தான்.

அப்புறம் வீரப்பன் காலம் வந்தது, போனது. ஐயா ரிடையர் ஆனார். காவிரியின் இந்தப் பகுதி 1987-லேயே சரணாலயம் ஆகியிருந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும், மீனைத் திரும்ப விட்டாலும்கூட, வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான் என்று முடிவாகி, 2012-ஐ ஒட்டி முகாம்களில் மீன்பிடி நின்றது. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முள் வலிக்காது என்று மீன் சொன்னதில்லை. ஆனால் கரையில் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்த கண்கள் அத்தனையும் ஒரே உத்தரவில் எழுந்து போய்விட்டன. அதற்குப் பதில் என்ன வைக்கப் போகிறோம் என்று உத்தரவு போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதைவிட மனதை அறுப்பது வேறு. காலிபோரே முகாமில் பிடித்த மீன்களை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரை அந்தக் கணக்கை ஆராய்ச்சிக்காரர்கள் உட்கார்ந்து படித்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்த மீன் கூடியிருந்தது. ஆனால் கூடியதெல்லாம் நீலத் துடுப்பு மஹ்சீர். எழுபதுகளிலிருந்து லோனாவலாவில் டாடா மின் கம்பெனியின் பொரிப்பகத்தில் வளர்த்து, மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்று நாடெங்கும் ஆறுகளில் விட்ட இனம். முதுகு மேடிட்ட காவிரியின் சொந்த மீன் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பிடிபட்டவையும் பெரிய பெரிய கிழங்கள், குஞ்சே இல்லை. உலகமே தேடி வந்த அந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர்கூட 2018 வரை கிடையாது. கேரளத்துப் பாம்பாற்றில் 2007-ல் பெயரிட்ட தோர் ரெமாதேவியேதான் இதுவும் என்று அந்த வருஷம் உறுதி செய்தார்கள். அழிவின் விளிம்பில் என்ற பட்டியலில் சேர்த்ததும் அதே வருஷம். உயிரோடு கடைசியாகப் பார்த்த இடங்களில் நம் மோயாறும் ஒன்று. மீன்மேல் பிரியம் வைத்தவர்கள்தான் அந்தக் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். வெடிக்காரன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

கொசஸ்தலைக்கு அந்த மாதிரி நோட்டு எதுவும் இல்லை. அத்திரம்பாக்கத்தில் அதே ஆற்றங்கரையில் கல்லாயுதம் செய்தவர்கள் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவர்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதில் என்னென்ன மீன் ஏறியது என்று சொல்ல ஆள் இல்லை. மணலை அள்ளிய இடத்தில் களிமண் தெரிகிறது, அதில் சீமைக்கருவேலம். 2015-லும் 2021-லும் வெள்ளம் வந்தபோது பாலத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் போனது, ஏறிய மீன் கண்ணில் படவில்லை. படித்துறையில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். தாத்தா எப்போது செத்தார் என்பதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவரையும் எவனாவது பரிசலில் ஏற்றி, சம்பளம் கொடுத்து, கேட்டு எழுதிக்கொண்டிருந்தால் ஒரு நோட்டு நிறைந்திருக்கும். தண்ணீருக்கு மேலே வருகிற குமிழியைப் பார்த்தே கெளுத்தி எது, மூச்சு வாங்க வந்த விரால் எது என்று சொல்வார். செம்மண் நிறத்தில் விரால் குஞ்சுகள் கும்பலாக மிதந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவலிருக்கும். அந்த நேரத்தில் யாராவது தூண்டில் கொண்டுவந்தால் கெட்ட வார்த்தையில் திட்டித் துரத்துவார். ஊரார் அவரைத் திட்டினார்களே தவிர அவர் ஊராரைத் திட்டியது அந்த ஒன்றுக்காகத்தான்.

போன மாதம் ஏரிக்கரையில் அவருடைய பேரனைப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலை. சூளை ஓய்ந்த மாதங்களில் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் வலை இழுக்கப் போகிறான். நன்றாகவே பேசினான். ஏரியில் ஆழமான இடம் இப்போது எது, விரால் எங்கே கிடக்கும் என்று கேட்டேன்.

"ஆழமின்னு ஒண்ணும் இல்ல அண்ணா. ஜேசிபி வுட்டுத் தூர் வாரிட்டாங்க, எல்லா எடமும் ஒண்ணுதான். விரால் எல்லாம் ஏது? கட்லா, ரோகுதான் வுட்டுக்கீறாங்க. வேணும்னா ஞாயித்துக்கெழம காலைல வா, வலை போடுவாங்க. சீக்கிரம் வந்துடு, எட்டு மணிக்கெல்லாம் திருவள்ளூர் வண்டி ஏத்திடுவாங்க."